ஃபைல் ஏறும் நேரம்

எங்கள் கம்பெனியில் கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. என் உண்மையான வேலை இன்ஸ்பெக்‌ஷன். செய்து முடித்த இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்துக் குறை சொல்வது. குறை சொல்வதற்குச் சம்பளம் கிடைக்கிற பாக்கியம் எல்லோருக்கும் அமையாது. அதோடு நின்றிருக்கலாம். பல வருடங்களுக்கு முன் ஒருநாள், பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் வெளியே எடுத்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "உனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமாய்யா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் கீழே இறங்கிப் போய்விட்டார். அன்று தொடங்கிய பதவி, இன்னும் இறக்கிவைக்க ஆள் கிடைக்கவில்லை.

திருமழிசை தொழிற்பேட்டையில், தகட்டை வெட்டி வளைக்கும் 'டை' என்கிற அச்சுகள் செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. மாடியில் டிசைன் அறை. அங்கே என் மேசையும், வரைபடம் போடுகிற என் நண்பனின் மேசையும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். அவன் மேனாம்பேட்டுக்காரன். என் வயது. இரண்டு பேரும் ஒரே மின்விசிறியின் கீழ் நரைத்தவர்கள். அத்தனை வருடங்களிலும் நாங்கள் பேசிக்கொண்டதைத் தொகுத்தால், "டீ வந்துச்சா" என்பதும், "ஃபேனக் கொற" என்பதும், என் பக்கமிருந்து "இந்த அளவு சரியில்ல மச்சான்" என்பதும் மிஞ்சும். எங்களைக் கேட்டால் நெருங்கிய நண்பர்கள் என்றுதான் சொல்லியிருப்போம்.

போன வருடம் ஆடி மாதம், எஸ்டேட் ரோட்டில் ஒரு பள்ளத்தைத் தவிர்க்கப் போய், அடுத்த பள்ளத்தில் வண்டியோடு விழுந்தான். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். எழுந்து நடக்கலாம், ஆனால் பஸ்ஸும் படியும் கூடாது என்றார் டாக்டர். எங்கள் டிசைன் அறைக்குப் போவது ஒரு இரும்புப் படிக்கட்டு. நல்ல இடுப்பு உள்ளவர்களே அதில் ஒரு கணம் யோசித்துத்தான் கால் வைப்பார்கள்.

வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறேன் என்று அவன் கேட்டான். முதலாளி, "பாக்கலாம்" என்றார். சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் ஒரு மனிதனை எத்தனை மாதம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கக்கூடிய சொல் அது.

ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவன் நான். எங்கள் வரைபடங்கள் எல்லாம் கணக்கு அறையின் மூலையில் இருக்கும் ஒரு கணினியில் கிடக்கும். கீழே மிஷினில் நிற்பவர்களும் மேலே இருப்பவர்களும் அதைத் தங்கள் திரையிலிருந்தே திறந்துகொள்ளலாம். அதை 'ஷேர்' என்போம். நண்பன் வீட்டில் வரைந்து சேமித்தால், அது இணையம் வழியே தானாக வந்து இந்த ஷேரில் ஏறிக்கொள்ளும்படி செய்தேன். எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே முழுசாகத் தெரியாது. அவனுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்தோம். என்ன பெயர் போடட்டும் என்று போனில் கேட்டேன்.

"ஊடுன்னு போடு மாமே. ஊட்லேர்ந்து தானே வருது."

முதல் வாரம் பிரமாதமாகப் போயிற்று. அவன் சேமித்து முடித்துத் தலை நிமிர்வதற்குள் படம் இங்கே இருந்தது. முதலாளிகூடப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். பிறகு ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து விடுமுறையும் முடிந்து திரும்பினால், மழை பிடித்துக்கொண்டது. அதோடு ஷேரும் நொண்டத் தொடங்கியது.

காலையில் அனுப்பிய படம் டீ வரும்போது பாதி ஏறியிருக்கும். டீ ஆறி, டம்ளரை எடுத்துப்போகிறவர் வந்து போனபின் முக்கால். பாதி ஏறிய படத்தை யாராவது திறந்துவிட்டால் ஆபத்து என்பதால், அது முழுசாக ஏறும்வரை நான் திரையின் முன்னால் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். அவன் அந்த முனையில் உட்கார்ந்திருப்பான். போன் காதிலேயே இருக்கும்.

"இன்னா மாமே, ஏறிச்சா?"

"ஏறிக்கிட்டே இருக்கு."

"எவ்ளோ கீது?"

"இன்னும் கால்வாசி."

"ஊட்டிக்குப் போற ரயிலுகூட இத்தவிட ஸ்பீடா ஏறும். சரி உடு. இன்னா நாஷ்டா துன்ன?"

இப்படித்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

மழைக்காலத்தில் சென்னையின் மேற்கே எது கெட்டாலும் மழையைச் சொல்லிவிடலாம். நானும் மழையைத்தான் சொன்னேன். மேனாம்பேட்டில் கால்வாய் தோண்டியிருந்தார்கள். தோண்டிய இடத்தில் கேபிள் நனைந்திருக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. இணைய கனெக்‌ஷன் கொடுத்த ஆளை வரவழைக்கச் சொன்னேன். அவர் வந்து சோதித்துவிட்டு, லைன் நன்றாக இருக்கிறது, அனுப்புகிற இடத்தில் கோளாறு இல்லை, வாங்குகிற இடத்தைப் பாருங்கள் என்று சொல்லிப் போனார். வாங்குகிற இடம் நான்தான் என்பதால் அந்த ஆலோசனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஷேரில் சேர்ந்திருந்த குப்பையைச் சந்தேகித்தேன். எங்கள் யூனிட்டில் யாரும் எதையும் அழிப்பதில்லை. ஒரே படம் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதான் ஃபைனல்', 'ஃபைனலுக்கு அப்புறம்' என்று அண்ணன் தம்பிகளாக நிற்கும். பழைய பூஜை வீடியோக்கள், யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தல், ஏலத்துக்கு வந்த ஒரு காரின் படம், எல்லாம் இருந்தன. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தேன். மனசு லேசாயிற்று. ஷேர் லேசாகவில்லை. பிறகு வைரஸ் பார்க்கிற மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் வாசலில் நிறுத்திச் சோதிக்கிறதோ என்று, அந்த ஃபோல்டரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். விட்டது. பயனில்லை. மற்றபடி கணினியை அணைத்துப் போட்டேன், திரும்ப அணைத்துப் போட்டேன். என்னைப் போன்ற நிபுணர்களின் கடைசி ஆயுதம் அதுதான், முதல் ஆயுதமும்.

ஒரு அவசரப் படத்துக்காக ஒருநாள் நானே போனேன். காட்டுப்பாக்கத்திலிருந்து கிளம்பி, சம்பந்தமே இல்லாத திசையில் மேனாம்பேட்டுக்குப் போய், பென் டிரைவில் படத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆவடி சுற்றி, பூந்தமல்லியில் பஸ் மாறித் திருமழிசை வந்து சேர்ந்தேன். அதே படத்தை அவன் ஷேரிலும் அனுப்பியிருந்தான். நான் வந்து இறங்கியபோது அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அரசு பஸ் ஒன்று இணையத்தை முந்தியதை நேரில் கண்ட சிலரில் நானும் ஒருவன்.

இதற்கு நடுவில் நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது, மனைவி வேலைக்குப் போனபின் எதிர்வீட்டுப் பூனை வந்து அவன் அளவு டேப்பின் மேல் படுத்துக்கொள்வது, வாக்கர் பிடித்துத் தெருமுனை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்ததைப் பெரிய வெளிநாட்டுப் பயணம் போல விவரித்தது. நான் என் சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன். அதுவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் படம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. வெளியே மழை. அவன் திடீரென்று கேட்டான்.

"மாமே, என் சேர்ல எவனாச்சும் குந்திக்கினானா?"

"இல்ல. உன் ஸ்கேல்கூட அப்படியே இருக்கு."

"வலியெல்லாம் ஒரு மேட்டரே இல்ல. ஆனா ஒருத்தன் ஊட்லயே கீறான்னு வெச்சிக்கோ, அவன எல்லாரும் மறந்துருவாங்க. ரெண்டு மாசம். அப்பறம் பேரக் கேட்டாக்கூட யோசிப்பானுங்கோ."

"நீ டெய்லி என் காதுலயே கத்திக்கிட்டிருக்க. மறக்க விட்டாத்தானே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு என் மேசைக்குப் பின்னால் பல வருடமாகக் கேட்ட சிரிப்புதான். போனில் கேட்டபோதுதான் அதில் ஒரு பயம் இருப்பது தெரிந்தது.

அவன் பயந்தது வீணில்லை. ஒரு காலையில் நான் பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டிருந்த நேரம், கீழே மிஷினில் இருந்தவர் ஷேரைத் திறந்திருக்கிறார். புதுப் படம் இன்னும் வந்து சேரவில்லை. பழைய படம் இருந்தது. அதன் அளவுக்கு வெட்டிவிட்டார். நல்ல எஃகுக் கட்டை ஒன்று காகிதம் பறக்காமல் இருக்க வைக்கிற கல்லாக மாறியது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"வர்ற வாரம் புது டை எறங்குது. காலைல படம் வரலைன்னா மிஷின் சும்மா நிக்கும். எனக்கும் பாவமாத்தான்யா இருக்கு. ஆனா இங்க வந்து உக்கார்ற ஒருத்தரைப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"சரி பண்ணிடறேன் சார்."

"நீ ஒரு மாசமா சரி பண்ணிக்கிட்டுத்தான் இருக்க."

இதை நான் நண்பனிடம் பாதிதான் சொன்னேன். மீதியை அவன் கேட்காமலே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அன்றைக்குத்தான் அவன் பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பித்தான். கவலை வந்தால் கதை சொல்வது அவன் வழக்கம் என்பதும் அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

கதை பல படங்களுக்கு நீண்டது. ஆவடிக்கு அந்தாண்டை பெண் வீடு. மச்சான்காரன் ஸ்கூட்டர் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து போகிறான். மடியில் பழத்தட்டு. ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி, அப்புறம் ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின், அப்புறம் இன்னொரு கூட்ஸ். தட்டில் இருந்த வாழைப்பழத்தை மச்சான்காரன் ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்கிறான். கேட் திறப்பதற்குள் எத்தனை மிஞ்சும் என்று இவனுக்குக் கவலை. ஒரு படம் ஏறி முடிந்தால் கதை நிற்கும். அடுத்த படத்துக்கு அதே கேட்டிலிருந்து தொடரும்.

புது டை இறங்குவதற்கு முன் கடைசி நாள், நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நண்பனின் படம் ஒன்று ஏறிக்கொண்டிருக்க, போனை ஸ்பீக்கரில் போட்டு மூலைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மாடியிலிருந்த வேறொரு பெரிய ஃபைலை ஷேரில் போட்டுப் பார்த்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விட்டது. கட்டடத்துக்குள் எல்லாம் சரி. வெளியிலிருந்து வருவதுதான் நொண்டுகிறது. அவன் வீட்டில் குறையில்லை என்று லைன்காரர் சொல்லிவிட்டார். அப்படியானால் நடுவில் மிஞ்சுவது, இணையம் வந்து இறங்குகிற பெட்டிக்கும், எல்லா வயர்களும் கூடுகிற பெட்டிக்கும் இடையே ஓடும் ஒரே ஒரு வயர். முழங்கை நீளம்கூட இருக்காது.

இங்கே பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு எங்கள் யூனிட்டில் எல்லாவற்றையும் கழற்றித் துடைப்போம். லேத், டிரில், எடை மிஷின், டீ ஃப்ளாஸ்க், எதுவும் தப்பாது. கணினிப் பக்கத்து வயர்களையும் பிடுங்கித் துடைத்து, பூஜை முடிந்தபின் திரும்பச் செருகுவது வழக்கம். பொட்டு வைப்பது மட்டும் முதலாளி. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, அவர் கையால்தான் வைப்பார். அவர் வீட்டில் தலைமுறையாக மாட்டுக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்தவர்கள். எந்தப் பொருளுக்கும் முகம் எது, நெற்றி எது என்று அவருக்கு ஐயமில்லை. வயர்கள் கூடும் பெட்டிக்கு முகம் என்றால், விளக்குகள் வரிசையாக மினுக்குகிற, ஓட்டைகள் இருக்கிற முன்பக்கம்தான். வயர்கள் இல்லாமல் வாய் திறந்திருந்த நேரம். சந்தனம் சற்றுத் தளர்ச்சி. ஒரு பொட்டு வழிந்து கீழே இருந்த ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது.

அந்தப் பொட்டை நான் தினமும் பார்த்திருந்தேன். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். தானாக உதிரும்வரை இருக்கும். ஓட்டையின் மேல் உள்ள விளக்கு மற்றவற்றைப் போலப் பச்சையாக இல்லாமல் செம்மஞ்சளாக எரிந்ததையும் பார்த்தேன். ஆனால் அதன் கண்ணாடி மேல் குங்குமம் அப்பியிருந்தது. குங்குமம் பூசிய விளக்கு செம்மஞ்சளாக எரிவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இணையப் பெட்டியிலிருந்து வரும் வயர் செருகியிருந்ததும் அந்த ஓட்டையில்தான். பிடுங்கினேன். முனையில் மஞ்சளாக ஒரு பொருக்கு. முகர்ந்து பார்த்தேன். வாசனை அருமையாக இருந்தது.

"கேட்டு மெள்ள தூக்குறான் மாமே," என்றது போன். "பயம் ஒண்ணே ஒண்ணு மிச்சம். வாழப்பயம் சொல்றேன். அந்தாண்ட கூட்டம் நிக்குது. அந்தக் கூட்டத்துல முன்னாடி யார் நிக்குறாங்கன்னு நெனைக்கிற..."

நான் முனையைச் சட்டையில் துடைத்து, பக்கத்தில் காலியாக இருந்த ஓட்டையில் செருகினேன். விளக்கு பச்சையாக எரிந்தது.

"டேய், ஏறிடுச்சு," என்றான் நண்பன். குரலே மாறிவிட்டது. "இங்க முடிஞ்சுச்சுன்னு காட்டுது. அங்க கீதா பாரு."

இருந்தது. இன்னொன்று அனுப்பினான். வந்தது. பெரிய படமாக ஒன்று அனுப்பினான். நான் மேசைக்குத் திரும்புவதற்குள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"மாமே, தப்பிச்சேன்டா," என்றான். "சரி, நெறைய கெடக்குது, எல்லாத்தையும் அனுப்பி உடறேன்," என்று போனை வைத்தான்.

முதலாளியிடம் வயர் பழசு என்றேன். அவர் வைத்த பொட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. "வயருக்கு ஒரு மாசமா?" என்று மட்டும் அவர் கேட்டார். வேறு ஆள் பார்க்கும் பேச்சு நின்றுபோயிற்று. புது டை நேரத்துக்கு இறங்கியது. அடுத்ததும்.

போனும் நின்றுபோயிற்று. யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை. காவல் காக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். முதல் சில நாட்கள் அவன், "வந்துச்சா?" என்று ஒரு வரி அனுப்புவான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்புவேன். பிறகு கேள்வியும் தேவைப்படவில்லை. வருவது தெரிந்ததுதானே. எதிர்வீட்டுப் பூனை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என் சர்க்கரை ஏறியதும் அவனுக்குத் தெரியாது. ஒரு டீ நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பேன். எதைச் சாக்காக வைத்துக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் டீ முடிந்துவிடும். நண்பனைக் கூப்பிடச் சாக்கு தேடுகிறவனின் நட்பைப் பற்றி இன்ஸ்பெக்‌ஷன் ஆள் என்ற முறையில் நான் குறை எழுதியிருக்க வேண்டும்.

கோடையில் புதிதாகச் சேர்ந்த மிஷின் ஆபரேட்டர் ஒருவர் மேலே வந்து, "சார், ஊடுல புதுப் படம் வந்திருக்கு, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். எடுத்துக்கோங்க என்றேன். படியில் பாதி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"கேக்கணும்னு நெனச்சேன் சார். ஊடுன்றது எந்த சாஃப்ட்வேர்?"

அது ஒரு ஆள் என்றேன். அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு மூலைக்கு வந்தபோது, நான் பெட்டியின் முன்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "சார், மேல வைங்க" என்றேன்.

"மொகத்துலதான்யா வைக்கணும்."

"இந்த மாடலுக்கு மொகம் மேல சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே வைத்தார். பிறகு கீழே எல்லோருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். பொரி, கடலை, ஒரு ஆப்பிள், ஸ்வீட். வந்திருந்தவர்களை எண்ணிக் கட்டியிருந்தார்கள். வாங்கிக்கொண்டு படி ஏறும்போதுதான் கணக்கில் யார் இல்லை என்பது உறைத்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தலையை எண்ணினார்கள். ஃபோல்டருக்குத் தலை கிடையாது.

போன் செய்தேன். எடுத்ததும் அவன் பதறினான்.

"இன்னா மாமே, ஷேர் போயிடுச்சா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"படம் எதுனா தப்பா?"

"இல்லப்பா."

"அப்பறம் இன்னாத்துக்கு போன் பண்ண?"

"சும்மாதான். பூஜை முடிஞ்சுது."

"ஓ, இன்னிக்கா. எனக்குப் பொரி எடுத்து வெச்சாங்களா?"

கையிலிருந்த என் பொட்டலத்தைப் பார்த்தேன். "வெச்சிருக்காங்க. உன் பேர் எழுதியே வெச்சிருக்காங்க. சாயங்காலம் கொண்டாந்து தரேன்."

"நீ எதுக்கு மேனாம்பேடு வரைக்கும் அலையற. சக்கரக்காரன் வேற. என் டேபிள் மேல வெச்சிரு, நானே வந்து எடுத்துக்கறேன்."

சர்க்கரையை அவன் மறக்கவில்லை. "அந்தக் கதை," என்றேன். "ரயில்வே கேட். அந்தாண்ட யார்தான் நின்னாங்க?"

"எது? ஓ, அத்தச் சொல்றியா." அவன் சிரித்தான். "அத்த அப்பிடியே நடுவுலேர்ந்து சொன்னா சப்புனு பூடும் மாமே. வந்து எடுத்துக்கறேன்னேன்ல, அப்ப உக்காந்து சொல்றேன். ஒரு படம் போட்டுக்கீறேன், வந்துச்சா பாரு."

பார்த்தேன். அவன் கேட்டு முடிப்பதற்கு முன்பே வந்திருந்தது.

போனை வைத்துவிட்டு, பொட்டலத்தின் மேல் அவன் பெயரை எழுதி, எனக்குப் பின்னால் இருக்கும் மேசையில், அவன் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆப்பிளை மறுநாள் எடுத்துவிட்டேன், அழுகும் என்று. ஸ்வீட்டை எறும்பு எடுத்துக்கொண்டது. பொரி இன்னும் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டது, தொட்டுப் பார்த்தேன், நமத்துவிட்டது.